இருபத்தொரு பச்சை யானைகளுடன் திட்டக்குடிக்கு

திட்டக்குடியில் எங்கள் பையன்கள் ஆடியதை நீங்கள் பார்க்கவில்லை, ஐயா. பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது பொய்.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்கிறேன். புதுச்சேரியில் வருஷத்துக்கு ஒரு முறை நடன விழா ஒன்று நடக்கிறது. புதிதாக யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்துவர விழாக் குழுவினர் ஆள் அனுப்புவார்கள். விருத்தாசலத்துப் பையன்கள் ஏழு பேரைப் பார்க்க அனுப்பப்பட்டவர் இந்த ஐயா. பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்குத் தெரியும். "பையன்களின் கால் தட்டு தாளத்தோடு சேரவில்லை" என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்டத்தில் கால் தட்டே கிடையாது. முப்பத்தைந்து நிமிஷ ஆட்டத்தில் ஒரு தட்டுகூடக் கிடையாது.

ஏன் கிடையாது, எங்கே போய் ஆடினோம், எப்படிப் போனோம் என்று நாலு நாள் பயணத்தையும் வரிசையாக எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த நாலு நாளும் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை மறைத்தால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன்.

நான் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் ஷெட்டில் ஃபினிஷிங் வேலை செய்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். பெயர் தனம். பையன்களுக்கு யக்கா. பயணத்தில் சோறு, துணி, பொம்மை மூன்றுக்கும் நான் பொறுப்பு.

ஆட்டம் சொல்லிக்கொடுத்தது உமா டீச்சர். கணவருக்கு பேங்க் மாற்றலானதால் எங்கள் ஊருக்கு வந்தவர். எங்கள் ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடத்தில், சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்கு பரதம் சொல்லித்தர அனுமதி கேட்டார். பெண் பிள்ளைகள் யாரும் வரவில்லை. அவர்கள் வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வேடிக்கை பார்க்க ஜன்னலில் தொங்கிய ஏழு பையன்கள்தான் மிச்சம். எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கிறவர்கள். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக்குக் குதித்ததைத் தவிர ஆட்டம் என்றால் என்னவென்று தெரியாது. "சரி, நீங்களே உள்ள வாங்கடா" என்று டீச்சர் கூப்பிட்டுவிட்டார்.

பரதத்தில் முதல் பாடமே காலைத் தட்டுவது. இந்தப் பையன்கள் தட்டவில்லை. காலைத் தூக்குவார்கள், ஓங்குவார்கள், தரைக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது கால் தானாக மெதுவாகிப் பஞ்சு போல இறங்கும். டீச்சர் கத்தினார், கெஞ்சினார், தானே தட்டிக் காட்டினார். ஒரு மாதம் ஓடியது. பிறகு சோர்ந்துபோய் என்னிடம் வந்து, "இவங்க காலுல என்ன கோளாறு?" என்று கேட்டார்.

ஒரு கோளாறும் இல்லை. ஏழு பேருக்கும் அம்மாவோ அப்பாவோ பீங்கான் ஷெட்டில் வேலை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சாயங்காலம் ஷெட்டுக்குத்தான் வருவார்கள். ஷெட்டில் ரெண்டு பக்கமும் மரத் தட்டுகளில் சுடாத பொம்மை காய்ந்துகொண்டிருக்கும். சுடாததை நாங்கள் பச்சை என்போம். தரையில் ஒரு குதி குதித்தால் போதும், தட்டு அதிர்ந்து பச்சைப் பொம்மை விரிசல் விடும். விரிசல் அப்போது தெரியாது. சூளைக்குள் போன பிறகுதான் ரெண்டாகப் பிளக்கும். அதனால் ஷெட்டுக்குள் ஓடினால் அடி, குதித்தால் அடி, காலைத் தட்டினால் ரெண்டு அடி. அந்தக் கால் எப்படித் தட்டும்?

டீச்சர் ரெண்டு நாள் எங்கள் ஷெட்டில் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்குக் கைகொடுக்கப் பையன்கள் பலகையில் யானைப் பொம்மைகளை அடுக்கி, தோளில் வைத்துக்கொண்டு காயப்போடப் போவதைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழேதான் நடை. இடுப்புக்கு மேலே, தலையில் தண்ணீர்க் குடம் இருக்கிற மாதிரி அசையாது. மூன்றாம் நாள் வந்து, "தட்டு வேண்டாம். இதையே ஆடுவோம்" என்றார். அப்படித்தான் ஆட்டம் உண்டானது. ஏழு பையன்கள், ஆளுக்கொரு ரெண்டரை அடிப் பலகை, பலகைக்கு மூன்று யானை. பலகை தோளில், தலையில், உள்ளங்கையில் என்று மாறும். உட்காருவார்கள், எழுவார்கள், சுழலுவார்கள். கடைசியில் யானைகளைத் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள்.

ஹெட்மாஸ்டருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை நினைத்தே பாதி முடி கொட்டிப்போனவர். "புதுச்சேரி விழாவுல எடுத்துக்கிட்டாங்கன்னா அடுத்த வருஷமும் வகுப்பு நடத்துங்க. இல்லன்னா இத்தோட நிறுத்திடுவோம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். விழாக் குழுவிலிருந்து வந்த பதிலில், சுற்றுவட்டாரத்தில் மூன்று ஊரில் ஆடுங்கள், ஏதாவது ஒரு ஊரில் எங்கள் ஆள் வந்து பார்ப்பார் என்று இருந்தது. எந்த ஊரில் என்று சொல்லவில்லை. அந்த ஒரு ஆளின் ஒரு வார்த்தையில்தான் வகுப்பு தொங்கியது.

வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. பாஷா பாயின் வேனில் புறப்பட்டோம். பாய் மங்கலம்பேட்டைக்காரர், வேன் அவரை விட ரெண்டு வயது சின்னது என்று பையன்கள் சொல்வார்கள். முதல் ஆட்டம் அவர் ஊரில்தான். உளுந்தூர்பேட்டை ரோட்டில் பதினான்கு கிலோமீட்டர், அரை மணி நேரம். வழியில் அறுவடை முடிந்த வயல்களில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பையன்கள் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து ஒருத்தன் முகத்தை ஒருத்தன் நாசம் செய்துகொண்டே வந்தார்கள். ஏழு பேரில் உயரமானவன் ஜோசப், பேசவே மாட்டான். குள்ளமானவன் வேல்முருகன், வாயை மூடவே மாட்டான்.

மங்கலம்பேட்டை கடைத்தெரு எனக்குப் பிடிக்கும். துபாயிலிருந்து வந்த சென்ட் பாட்டில், போர்வை, டார்ச் லைட் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். டீ மூன்று ரூபாய், சமோசா ரெண்டு ரூபாய். சமோசாவுக்குள் வெங்காயத்தைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் ஆளுக்கு மூன்று தின்றோம்.

ஆறு மணிக்கு ஆட்டம் ஒரு மண்டபத்துக்கு முன்னால். முன் வரிசையில் நின்ற இளவட்டங்கள் ஆரம்பித்தார்கள்.

"டேய், கால்ல சலங்கை எங்கடா?"

"கட்டுனா யானை மிரளும்ணே" என்றான் வேல்முருகன். கூட்டம் சிரித்தது. அதுவரை நல்லது.

ஆட்டம் கெட்டது. உடையக்கூடாதே என்று நல்லெண்ணத்தில் டீச்சர் சுட்ட யானைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நானும் சரி என்று கட்டிக் கொடுத்தேன். சுட்ட பொம்மை இரும்பு மாதிரி. தோளில் வைத்த உடனே பையன்களுக்குத் தெரிந்துவிட்டது, இது விழுந்தாலும் அடி கிடைக்காது என்று. தோள் ஆடியது, இடுப்பு ஆடியது, சந்தைக்குப் போகிற மாதிரி நடந்தார்கள். ஒருத்தன் திரும்பும்போது இன்னொருத்தன் நின்றுகொண்டிருந்தான். ஜோசப் பலகையிலிருந்து ஒரு யானை விழுந்து, உருண்டு, சபை நடுவில் போய் நின்றது. உடையவில்லை. ஒரு சின்னப் பிள்ளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது. சுட்டதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டபோது ஏழு முறை 'பொத்' என்று சத்தம் வந்ததுதான் மிச்சம்.

திரும்பி வரும்போது டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னிக்கி அந்த ஆளு வந்திருந்தா முடிஞ்சுது" என்றார்.

பேசாத ஜோசப் பேசினான். "யக்கா, சுட்ட யானைன்னா காலு பேச்சு கேக்க மாட்டேங்குது. பச்சை யானை எடுத்துக்கலாம்."

"வேன்ல பச்சை யானையா? தார் ரோட்டுல கப்பல் ஓட்டச் சொல்லுவியே" என்றார் பாய்.

"பச்சைதான் பாய்" என்று ஏழு பேரும் சொன்னார்கள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. டீச்சருக்குத் தெரியாது, மன்னிக்கலாம். பதினாறு வருஷம் ஷெட்டில் இருக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பயம் இல்லாத பலகையை யார் ஒழுங்காகத் தூக்குவார்கள்?

சனிக்கிழமை, மாலை மூன்றரை. நல்லூருக்குப் புறப்பட்டோம். காலையிலேயே முதலாளியிடம் பேசி, அச்சுக்கோடு சரியில்லாத பச்சை யானைகள் இருபத்தொன்று வாங்கிக்கொண்டேன். சூளைக்குப் போகாதவை. எப்படியும் தண்ணீரில் கரைத்துத் திரும்பக் கூழாக்கப் போகிறவைதான். வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கினேன். சுட்ட பொம்மையை அப்படித்தானே கட்டுவோம்.

அதுதான் தப்பு. சுட்டதுக்கு வைக்கோல் மெத்தை, பச்சைக்கு வைக்கோல் ஊசி. நல்லூருக்கு வேன் மீட்டர்படி பத்தொன்பது கிலோமீட்டர். கடைசி நாலு கிலோமீட்டரில் ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, கரும்பு வண்டி ஓடிய தடம்தான். ஒவ்வொரு குழிக்கும் பின்னால் பெட்டியில் 'சரக்' என்று கேட்டது. ஒவ்வொரு சரக்குக்கும் ஏழு பேரும் "ஐயோ" என்றார்கள். நல்லூரில் பெட்டியைத் திறந்தபோது பதினேழு யானைக்குத் தும்பிக்கை இல்லை.

ஆடியே ஆக வேண்டும். பஞ்சாயத்து போர்டு பக்கத்தில் களத்து மேடு, நல்ல மண் தரை. கூட்டம் முழுக்கக் கூலி வேலை முடித்து வந்த ஜனம். பையன்கள் பலகையைத் தோளில் வைத்தார்கள். வைத்த நொடியில் மாறியது. ஏழு முதுகும் நேரானது. ஏழு பாதமும் தரையைத் தொட்டுக் கேட்டுவிட்டு இறங்கியது. பாட்டுப்பெட்டியில் வீணை ஓடியது, அதன் மேலே இவர்கள் காலடி கேட்கவே இல்லை. ஏழு பேரும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுந்தார்கள்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, நடுவில் ஜோசப்பைப் பார்த்துக் கேட்டாள்: "ஏந்தம்பி, யானைக்கு மூக்கு எங்க?"

ஜோசப் ஆடும்போது பேச மாட்டான். பக்கத்தில் பலகையோடு நகர்ந்துபோன வேல்முருகன் உதட்டை அசைக்காமல், "பின்னாடி பஸ்ஸுல வருது" என்றான்.

கடைசியில் யானைகளைத் தண்ணீரில் விட்டதும் அவை சத்தமில்லாமல் கரைந்து தண்ணீர் பால் மாதிரி ஆனது. ஜனம் எழுந்துவந்து தொட்டியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. ஒரு ஆள் கையை விட்டுத் துழாவி, "நெசமாவே போயிடுச்சுப்பா" என்றார். எட்டு மணிக்கெல்லாம் ஊர் திரும்பிவிட்டோம். வழி முழுக்க மூக்கு எந்த பஸ்ஸில் வருகிறது என்றுதான் பேச்சு.

அன்றும் புதுச்சேரியிலிருந்து யாரும் வரவில்லை. ஆக, திட்டக்குடிதான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. இந்த முறை பெட்டி கிடையாது. ஏழு அன்னக்கூடையை வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்தேன். அடியில் மரத்தூளைக் கொட்டி, மூன்று யானையைப் படுக்க வைத்து, மேலேயும் மரத்தூள். ஆளுக்கு ஒரு கூடை மடியில். "இறங்குற வரைக்கும் எவனும் கூடையை கீழ வைக்கக் கூடாது. மூத்திரம் வந்தாலும் பக்கத்துல இருக்கறவன் மடியில வச்சிட்டுப் போ" என்றேன்.

விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் வழியாகத் திட்டக்குடி முப்பத்து மூன்று கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். எங்களுக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் ஆனது. பாய் குழியைப் பார்த்தால் வேனை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறி ஓட்டினார். கரும்பு லாரி எங்களைத் தாண்டியது. டிராக்டர் தாண்டியது. பின்னால் புல்லுக்கட்டு வைத்த சைக்கிள்காரர் ஒருத்தர் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாய், வண்டியில முட்டையா?"

"யானைப்பா. இருவத்தோரு யானை" என்றார் பாய்.

அந்த ஆள் சைக்கிளை நிறுத்தி ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண்ணாடம் ரயில்வே கேட்டில் இருபது நிமிஷம். டீ மூன்று ரூபாய், வெல்லப் பாகு வாசனை இலவசம், சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து வரும். பையன்களுக்குக் கை காலியில்லை. நான்தான் ஒவ்வொருத்தன் வாயிலும் டம்ளரை வைத்து ஊட்டினேன். "பதினாலு வயசுல எங்கம்மாகூட ஊட்டலயேக்கா" என்றான் வேல்முருகன். "ஒங்கம்மாவுக்கு நீ வாய தொறந்தா மூட மாட்டன்னு தெரியும்" என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு திட்டக்குடி. வெள்ளாற்றங்கரை ஊர், பஸ் ஸ்டாண்ட் சின்னது, ஆனால் கடைகள் பெரிது. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம். அங்கே ட்ராயிங் மாஸ்டர் ஒருத்தர் எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். கூடைகளை வகுப்பறையில் வைத்து மரத்தூளை வழித்துப் பார்த்தோம். இருபத்தொன்றும் முழுசாக இருந்தன. தும்பிக்கை, வால், காது எல்லாம் முழுசாக. பாய் வகுப்பறைப் பெஞ்சில் படுத்துக்கொண்டு, "இனிமே எனக்கு ஏரோப்பிளேனே குடுத்தாலும் ஓட்டுவேன்" என்றார்.

நாலு மணிக்கு எதிர்க் கடையில் பையன்களை பரோட்டா சாப்பிட உட்கார வைத்தேன். பரோட்டா மூன்று ரூபாய் ஐம்பது காசு, சால்னா கேட்ட மட்டும். டீச்சர் பள்ளிக்கூட ஆபீசில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஐயா, நீங்கள் இறங்கினீர்கள்.

"ஏம்மா, டான்ஸ் ப்ரோகிராம் எங்க? நான் பாண்டிச்சேரிலேர்ந்து வரேன், கமிட்டி."

"வாங்க சார். ஆறரைக்கு ஆரம்பம்."

"ஆறரையா? நான் இருட்டறதுக்குள்ள கெளம்பணும். இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் ஆடிக் காட்டச் சொல்லுங்க, போதும்."

"பசங்க சாப்புடுறாங்க சார்."

"சாப்ட்டு ஆடட்டும்."

"வவுறு நெறைய பரோட்டா தின்னுட்டு பலகை தூக்குனா யானை கீழ வுழும் சார். ஆறரைக்கு வாங்க. அது வரைக்கும் உக்காந்து டீ குடிங்க."

நான் கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் பையன்களை ஒரு பார்வை பார்த்தீர்கள். கையெல்லாம் சால்னா. "சரி, இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினீர்கள். டீச்சரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அவருகிட்ட இப்படியா பேசுவ?"

"வேற எப்படி டீச்சர் பேசுறது?"

"நான் இருந்திருந்தா அஞ்சு நிமிஷம் ஆடச் சொல்லியிருப்பேன்."

"அப்ப மங்கலம்பேட்டை ஆட்டம்தான் பாத்துட்டுப் போயிருப்பாரு" என்றேன். டீச்சருக்குக் கோபம் தணியவில்லை என்று தெரிந்தது. எனக்கும் பயம்தான். என் வாயால் வகுப்பு போய்விடுமோ என்று.

ஆறரை மணி. மைதானம் நிறைந்திருந்தது. எல்லாரும் தரையில். முன்னால் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உங்களுக்காக ட்ராயிங் மாஸ்டர் போட்டு, ஒரு பூப்போட்ட துண்டையும் விரித்து வைத்திருந்தார். பையன்கள் பலகையைத் தூக்கி வரிசையாக நின்றார்கள். டீச்சர் பாட்டுப்பெட்டியின் பொத்தானை அமுக்கினார். வீணை ரெண்டு இழுப்பு இழுத்தது. கரண்ட் போனது.

திட்டக்குடியில் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனால் அது எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது என்றார் மாஸ்டர். மைதானம் இருட்டு. பாட்டு இல்லை. பையன்கள் தோளில் இருபத்தொரு பச்சை யானை. கூட்டத்தில் விசில் ஆரம்பித்தது.

பாய் போய் வேனை மைதானத்துக்குள் கொண்டுவந்து ஹெட்லைட்டைப் போட்டார். அதைப் பார்த்து நாலு பைக்குக்காரர்கள் வந்து பக்கத்தில் நிறுத்தி விளக்கைத் திருப்பினார்கள். கடைசியாக ஒரு டி.வி.எஸ். மொபெட்டும் வந்தது. அதன் வெளிச்சம் மின்மினி அளவுக்குத்தான், ஆனாலும் வந்தது.

"பாட்டு?" என்றேன் டீச்சரிடம்.

டீச்சர் பையன்களைப் பார்த்தார். ஜோசப் இருந்த இடத்திலிருந்தே சொன்னான்: "பாட்டு வேணாம் டீச்சர். ஷெட்டுல ஏது பாட்டு? மூச்ச கேட்டுக்கிட்டே போறோம். வண்டி இஞ்சினெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க."

இஞ்சின்கள் நின்றன. வேன் பேட்டரி வெளிச்சமும், இஞ்சின் நின்றும் எரிந்த ரெண்டு பைக் விளக்கும் மட்டும். அந்த வெளிச்சத்தில் ஏழு பேர் ஆடினார்கள். என்ன சொல்லி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் ஆள் மூச்சை இழுத்தான், ஏழு பலகையும் தோளிலிருந்து தலைக்கு ஏறியது. மூச்சை விட்டான், ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். விசிலடித்தவர்கள் வாயில் விரலை வைத்தபடியே நின்றார்கள். பின்னால் ஒரு பிள்ளை இருமியதும் அதன் அம்மா வாயைப் பொத்தினாள். நிழல் பின்சுவரில் வீட்டு உயரத்துக்கு விழுந்து, யானைகள் நிஜ யானை அளவுக்கு நடந்துபோயின. முப்பத்தைந்து நிமிஷமும் ஒரு யானை அசையவில்லை.

தண்ணீர்த் தொட்டியில் கடைசி யானை கரைகிறபோது கரண்ட் வந்தது. டியூப் லைட் ரெண்டு தரம் கண்ணடித்து எரிந்தது. அதன் பிறகுதான் கை தட்டினார்கள். அதுவரை தட்டவே பயந்திருக்கிறார்கள், எங்கே யானை விழுந்துவிடுமோ என்று. இதை ரெண்டு காலேஜ் பையன்களே என்னிடம் வந்து சொன்னார்கள்.

நான் நாற்காலியைப் பார்த்தேன். விரித்த துண்டு விரித்தபடியே இருந்தது. "கூட்டத்துல நின்னு பாத்திருப்பாரு" என்றார் டீச்சர். நானும் அப்படியே நம்பினேன். அவ்வளவு நல்ல ஆட்டம், யாராக இருந்தாலும் வந்து பார்த்திருக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை, காலை ஆறு மணி. இரவு வகுப்பறையில் படுத்துவிட்டுக் கிளம்பினோம். மதியத்துக்குள் பள்ளிக்கு வந்தால் போதும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்ததால், வெலிங்டன் ஏரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாய் வண்டியைத் திருப்பினார். ஏரியில் தண்ணீர் பாதி. கரை மட்டும் கண்ணுக்கு எட்டின தூரம் போகிறது. பையன்கள் கரையில் இறங்கி ஓடினார்கள், குதித்தார்கள், ஏழு பேரும் சேர்ந்து மண்ணில் காலை ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் அங்கே போனது. டீச்சர் வேனில் சாய்ந்துகொண்டு, "பாரு, தட்டுறாங்க" என்று சிரித்தார். "இங்க தட்டட்டும். ஒடையறதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

பதினொன்றரைக்கு விருத்தாசலம். திட்டக்குடியிலிருந்து வருகிறவனுக்கு எங்கள் ஊர் ஒன்றும் அழகில்லை. ஆறு காய்ந்து கிடக்கும், ஜங்ஷனில் புழுதி, தொழிற்பேட்டையில் சூளைப் புகை, எல்லா வேலியோரத்திலும் உடைந்த பீங்கான் சில்லு. ஆனால் வேனை விட்டு இறங்கி ஷெட்டுக்குள் நுழைந்ததும், அந்த ஏரியில் அத்தனை ஆட்டம் போட்ட ஏழு பேர் காலும் வாசற்படியிலேயே தானாக மெதுவானது. யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கால்களை வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் ஆடலாம் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. ஹெட்மாஸ்டர் டீச்சரையும் என்னையும் கூப்பிட்டு அவர் அறையில் வாசித்தார். கால் தட்டு சேரவில்லை என்று முதல் வரி. டீச்சர் எழுந்தேவிட்டார். ரெண்டாவது வரி: "பின்னணிப் பாட்டின் சத்தம் அதிகமாக இருந்ததால் ஆட்டத்தில் மனம் செல்லவில்லை." மூன்றாவது வரி, இந்த வருஷம் விழாவில் இடமில்லை.

"சார், அன்னிக்கி கரண்டே இல்ல. பாட்டே போடல" என்றேன்.

"பார்த்தவரு கையெழுத்துப் போட்டு எழுதியிருக்காரும்மா. நீங்க வாயால சொல்றத வச்சு நான் என்ன பண்றது? அவரே தப்புன்னு எழுதட்டும், வகுப்ப நான் நிறுத்தல" என்றார் ஹெட்மாஸ்டர். மாதக் கடைசி வரை தவணை. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. குழுவுக்கு ரெண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். புதுச்சேரியிலும் இது கடைகளில் தொங்குகிறது, நீங்கள் படிப்பீர்கள்.

வெடுக்கென்று பேசினது நான். அதற்கு என்னைத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பையன்களுக்கு ஆட வரவில்லை என்றுகூட எழுதுங்கள், ஆனால் பார்த்துவிட்டு எழுதுங்கள். இப்போது எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம், டீச்சருக்கு போனும் வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, திட்டக்குடி ஜனம் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: அன்று உங்கள் காதை அடைத்ததே, ஐயா, அது எந்தப் பாட்டு?